சீட்டைக் கழற்றியவனும் சேலை கார்டைக் கழற்றியவனும்



போன வாரம் நான் போட்ட ஒரு படத்துக்கு வந்த கருத்துகளைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு காரின் படம் அது. சீட் இல்லை, தரை விரிப்பு இல்லை, கதவின் உள்பக்க அட்டை இல்லை. வெறும் தகரம். "சார், காயலான் கடைக்குப் போற வண்டியா?" என்று ஒருவர். "ஐயா ரிட்டயர் ஆனதும் மெக்கானிக் ஷெட் வச்சிட்டாரா?" என்று இன்னொருவர். இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். என் மைத்துனர் சேலத்திலிருந்து போனே போட்டுவிட்டார். "மாமா, ஓடுற வண்டியைப் பிரிச்சுப் போட்டதைப் பெருமையா போட்டிருக்கீங்களே, மலையில இருக்கிற பசங்க பாத்தா நாளைக்கே அவங்க வண்டியப் பிரிப்பாங்களே?"

அவர் கேட்டது சரியான கேள்வி. பிரித்தும் விட்டார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நேரம் இல்லாதவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

முதலில் அந்தப் படத்தின் கதை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவை போயிருந்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பையன் அங்கே ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கு இப்போது முப்பத்தாறு வயது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பந்தயத்துக்குக் கார் தயார் செய்கிற பட்டறை. "சார், வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டான். போனேன். நடுவில் நின்றது பழைய ஹோண்டா சிட்டி விடெக், 2001-ஆம் வருட வண்டி. நம் ஊர் டிராக்குகளில் டூரிங் கார் பந்தயங்களில் அந்த வண்டியும் எஸ்டீமும் நிறைய ஓடியிருக்கின்றன என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொந்தக்காரர் ஒரு டாக்டர். ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் ஓட்டுவதற்காகவே அதை வாங்கினாராம்.

முதலில் எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அந்த வண்டி வாசலில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதன் வெல்வெட் சீட்டைத் தூக்கி மூலையில் போட்டிருக்கிறார்கள்.

அவன் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். நாற்பது பக்க நோட்டு, ஓரத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் எடை. கழற்றிய ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதியிருக்கிறான். டிரைவர் சீட் 15 கிலோ. பக்கத்துச் சீட் 14. பின்சீட், சாய்மானத்தோடு 18. தரை விரிப்பும் அதன் அடியில் இருந்த கம்பளி மாதிரியான மெத்தையும் 9. கதவு அட்டை, கண்ணாடி ஏற்றும் மோட்டார் எல்லாம் சேர்த்து 12. ஸ்டெப்னி, ஜாக்கி 16. ஏசி பெட்டி, கம்ப்ரஸர், குழாய்கள் 21. பாட்டுப் பெட்டி, ஸ்பீக்கர் 6. மேல்கூரைத் துணி 3.

அதற்கப்புறம் ஒரு வரி: தார் அட்டை 11 கிலோ. இது என்ன என்று கேட்டேன். காரின் தரைத் தகரத்தின் மேல் சத்தமும் அதிர்வும் வராமல் இருக்கத் தார் கலந்த ஒரு அட்டையை ஒட்டியிருப்பார்களாம். உளியால் சுரண்டினால் நாள் கணக்கில் ஆகும், தகரமும் பழுதாகும். அதனால் ட்ரை ஐஸ் வாங்கி வந்து பரப்புவார்கள். உறைந்த கரியமில வாயு, பூஜ்ஜியத்துக்குக் கீழே 78 டிகிரி. பத்து நிமிஷத்தில் அந்தத் தார் அட்டை அப்பளம் மாதிரி மொறமொறப்பாகிவிடும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாயுவிலேயே மூச்சு முட்டிவிடும் என்றான். ஆறாம் வகுப்பில் "பொருளின் நிலைகள்" பாடம் நடத்தியபோது கரும்பலகையில் பனிக்கட்டியைத் தவிர வேறு எதையும் வரைந்துகாட்ட எனக்குத் தெரிந்ததில்லை. அன்றைக்கு அவன் வாத்தியார், நான் மாணவன்.

மொத்தம் 125 கிலோ வெளியே வந்திருக்கிறது. இத்தோடு நோட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் பக்கத்தைப் புரட்டினான். அடுத்த பக்கத்தில் "உள்ளே வைத்தது" என்று தலைப்பு.

இரும்புக் கூண்டு 38 கிலோ. பந்தய சீட் 8. ஆறு இடத்தில் இறுக்கும் பெல்ட் 3. தீயணைப்பான், அதன் குழாய், தாங்கியோடு 5. மின்சாரத்தை ஒரே திருகில் துண்டிக்கிற சுவிட்சும் சில்லறைச் சாமான்களும் 2. ஆக 56 கிலோவைத் திரும்ப உள்ளே வைத்திருக்கிறார்கள். 125 எடுத்து, 56 வைத்து, மிச்சம் குறைந்தது 69 கிலோ. 1,040 கிலோ வண்டியில் அது ஏழு சதவீதம்கூட இல்லை. இதற்காகவா மூன்று மாதம் உழைத்தாய் என்று கேட்டேன்.

"சார், எடையைக் குறைக்கணும்னு மட்டும் இருந்தா கூண்டே வைக்க மாட்டோமே. எடுத்ததெல்லாம் சொகுசு. வச்சதெல்லாம் உசுரு" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்தப் படத்தையே போட்டேன். படத்தோடு இதையும் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு.

அந்தக் கூண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவது அதுதான். கண்ட குழாயை வாங்கி வெல்டிங் அடித்து நிறுத்திவிட முடியாது. சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதியில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் வளைகிற முக்கியக் குழாய் மூட்டு இல்லாத எஃகாக இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டம் என்றால் 2.5 மில்லிமீட்டர் தடிமன், 50 என்றால் 2 மில்லிமீட்டர். நம் ஊரில் பந்தலுக்கும் கேட்டுக்கும் வாங்குகிற குழாய்க்கு நீளவாக்கில் மூட்டு இருக்கும், அடி விழுந்தால் அந்த மூட்டில்தான் பிளக்கும். இன்னொன்றும் சொன்னான். கூண்டு வைத்த காரை ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டுவது சாதாரண காரை ஓட்டுவதைவிட ஆபத்து. சின்ன மோதலிலேயே தலை போய் எஃகில் அடிக்கும். டிராக்கில் காப்பாற்றுகிற அதே குழாய் ரோட்டில் மண்டையை உடைக்கும்.

எதைக் கழற்றக்கூடாது என்றும் காட்டினான். டேஷ்போர்டைக் கழற்றினால் பின்னால் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் தெரியும். எடையாக இருக்கிறதே என்று அதை அறுத்துவிட்டால் ஸ்டீயரிங் கம்பத்துக்குப் பிடிப்பே இருக்காது. கதவுக்குள் ஒரு உத்திரம் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் இடித்தால் தாங்குவது அது. கூண்டில் அந்த இடத்துக்குக் குறுக்குக் குழாய் வைக்காமல் அதைத் தொடக்கூடாது. புதிய வண்டிகளில் காற்றுப்பை இருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றிச் சில நிமிஷம் காத்திருக்காமல் கை வைத்தால் முகத்திலேயே வெடிக்கும்.

எல்லாம் முடிந்த பிறகும் வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. எஞ்சின் முன்னால் இருக்கிறது; பின்சீட்டும் ஸ்டெப்னியும் போனதால் பின்பக்கம் லேசாகிவிட்டது. பிரேக் போட்டால் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். அதனால் நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசு வைத்து, ஓட்டுகிறவரையும் உள்ளே உட்கார வைத்து எடை பார்த்து, ஸ்பிரிங்கையும் சக்கரக் கோணத்தையும் பிரேக் பங்கீட்டையும் மறுபடி சரிசெய்கிறார்கள். எனக்கு இயற்பியல் பட்டம் கிடையாது, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனாலும் இது புரிந்தது. தராசுத் தட்டில் ஒரு பக்கக் கல்லை எடுத்தால் இன்னொரு பக்கம் சும்மா இருக்காது.

மாட்டுவதற்கு ஒரு நோட்டு, கழற்றுவதற்கு ஒரு நோட்டு. பட்டறைச் சுவரில் ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனிக் கவரில் பெயர் எழுதித் தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் இவன் கணக்கு நோட்டில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை எழுதாததற்காக எத்தனை நாள் வெளியே நிறுத்தியிருப்பேன்.

கார் பந்தயம் எனக்கு முழுக்கப் புதிது அல்ல. 1980களின் தொடக்கத்தில் ஒரு நண்பன் என்னைச் சோழவரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். அங்கே சாதாரண ஃபியட் காரெல்லாம் உள்ளே ஒன்றுமில்லாமல் ஓடியதைப் பார்த்தேன். வெயிலில் நின்று தலைவலி வந்ததுதான் அன்றைக்கு மிச்சம். அந்தச் சோழவரம் காலத்து ஆட்களில் ஒருவர்தான் கோவை கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை ஆள் பந்தயக் காரை உருவாக்கியவர். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் அதில் தொடங்கித்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்றுக்குப் போன முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-இல் ஆகாய விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கிற டிராக்குக்கு அவர் பெயர்தான். பணக்காரன் விளையாட்டை நடுத்தரக் குடும்பத்துப் பையன் கைக்கு எட்ட வைக்க வேண்டும் என்று நினைத்த மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

கரியாலூரில் வண்டியின் உள்ளே இருப்பதைக் கழற்றுவது ஒன்றும் புதிய சங்கதி இல்லை. ஜீப்பின் பின்சீட்டைக் கழற்றுவது நம் கலை. பந்தயத்துக்காக அல்ல, புளி மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்ற. சந்தை நாளில் அதே ஜீப்பில் மூட்டைக்கு மேல் ஆள், ஆளுக்கு மேல் ஆள். இருபது பேர் ஏறி இறங்கியதை எண்ணியிருக்கிறேன். அந்தக் காலத்தில் நானும் அப்படித்தான் தொங்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தேன், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கோவையில் 69 கிலோ குறைக்க மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் ஆயிரம் கிலோவை அஞ்சு நிமிஷத்தில் ஏற்றிக்கொண்டு, அதே பிரேக்கோடு, கொண்டை ஊசி வளைவுகளில் கச்சிராயபாளையம் வரை இறங்குகிறோம். எடை இரண்டு மடங்கானால் நிறுத்துகிற வேலையும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு. இதை ஏழாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் நாலு பேர் இப்போது ஜீப் ஓட்டுகிறார்கள்.

நான் கோவையிலிருந்து திரும்பி வந்த வாரம்தான் அது நடந்தது. என்னிடம் படித்த ஒரு பெண், அவளுடைய மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். பையனுக்குப் பத்தொன்பது வயது. புது வண்டி இல்லை, மூன்றாம் கை. அதை அவன் "ரேஸ் வண்டி"யாக மாற்றியிருந்தான். இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டான். பின்பக்க மட்கார்டைப் பாதி அறுத்துவிட்டான். சைலன்ஸருக்குள் இருப்பதை உருவிவிட்டான். செயின் கவர் இல்லை. சேலை கார்டும் இல்லை. வழியில் முந்தானை பின்சக்கரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. கண்ணாடி இல்லாததால் அம்மா சாய்வது அவனுக்குத் தெரியவில்லை. சத்தத்தில் அவள் கத்தியதும் கேட்கவில்லை.

காரை எலும்பு முறிந்து, முழங்கையெல்லாம் சிராய்த்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. வேகம் குறைவாக இருந்தது, கழுத்தில் சுற்றாமல் தோளோடு போனது. கிழங்கு பிடுங்குகிற சமயத்தில் வலக்கையைத் தூக்க முடியாமல் கிடக்கிறாள். பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சார், அவனைத் திட்டிடாதீங்க சார். மூணு நாளா சாப்பிடல."

திட்டவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து, ஒன்றுதான் கேட்டேன். கழற்றியதெல்லாம் எத்தனை கிலோடா? தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூட்டை கட்டி வைத்திருந்ததை எடுத்து வரச் சொல்லி, கடைத் தராசில் போட்டோம். சேலை கார்டு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. கண்ணாடி இரண்டும் அரைக் கிலோ. எல்லாம் சேர்த்து ஐந்து கிலோ தேறவில்லை. அம்மா நாற்பத்தெட்டு கிலோ. ரேஷன் அரிசி இருபது கிலோ.

அவன் என்னிடம் செல்போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினான். நடிகர் அஜித் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்தபோது கார் தடுப்பில் மோதிச் சுழன்றதே, அது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அவர் வண்டியிலயும் உள்ள ஒண்ணும் இருக்காது சார்" என்றான். அவன் சொன்னது பாதி சரி. அந்தப் போர்ஷே கப் காரில் பக்கத்துச் சீட் இல்லை, விரிப்பு இல்லை. சாலையில் ஓடுகிற அதே இனத்துக் கார் 1,400 கிலோவுக்கு மேல். பந்தயக் கார் சுமார் 1,260 கிலோ. ஆனால் உள்ளே கூண்டு இருக்கிறது, தீயணைப்பு ஏற்பாடு இருக்கிறது, அடிபட்ட ஆளை மேலே தூக்குவதற்குக் கூரையில் ஒரு திறப்புகூட இருக்கிறது. அவ்வளவு வேகத்தில் மோதிய மனிதர் தானே இறங்கி நடந்து வந்தார். அதே வாரக் கடைசியில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் வாங்கியது. வீடியோவில் கார் சுழல்வது தெரிகிறது. 38 கிலோ கூண்டு தெரிவதில்லை. பத்தொன்பது வயதுக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கோவைக்குப் போகும் வரை அறுபது வயதுக் கண்ணுக்கே தெரியவில்லையே.

அதனால் என் மைத்துனருக்கு என் பதில் இது. படத்தை எடுக்க மாட்டேன். பந்தயக் காரைப் பார்த்துப் பையன்கள் கெட்டுப்போகவில்லை. பாதிப் பக்கத்தை மட்டும் பார்த்ததால் கெட்டுப்போகிறார்கள். நோட்டின் இரண்டாவது பக்கத்தையும் காட்ட வேண்டும். "ரேஸ் கீஸ்னு பேசினா காலை உடைப்பேன்" என்று சொல்கிற அப்பாக்களும் அந்த இரண்டாவது பக்கத்தைப் பார்த்தது கிடையாது.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டிப் பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின்னால் உட்காருகிறவர் துணி சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பதும் மத்திய மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. சேலை கார்டு என்பது கம்பெனிக்காரன் அழகுக்கு வைத்த கம்பி இல்லை. அந்த டாக்டரின் ஹோண்டா இனி ரோட்டில் ஓடாது. டிராக்குக்கு லாரியில் ஏற்றித்தான் போகும்.

"பணம் இருக்கிறவன் டிராக்குக்குப் போவான், எங்க பசங்க எங்க சார் போவாங்க?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பந்தயத்தில் ஓட்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும், உடை வேண்டும், ஹெல்மெட் வேண்டும், டயர் வேண்டும். நம் மலையில் ஒரு குடும்பத்தின் வருட வருமானம் அதில் கரைந்துபோகும். எல்லாரும் பந்தயம் ஓட்ட முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோவைப் பட்டறையில் இருக்கிறவன் பந்தயம் ஓட்டவில்லை. கையில் ஸ்பேனரும் நோட்டும் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறான். அவனும் இதே மலையில் வெறும் காலோடு பள்ளிக்கு வந்தவன்தான். கழற்றுவதில் ஆசை இருக்கிற பையனிடம் ஸ்பேனரைப் பிடுங்கினால் ஒளித்து வைத்துக் கழற்றுவான். எழுதிக் கழற்று, எடை போட்டுக் கழற்று, இது எதற்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு கழற்று என்று சொல்ல ஆள் இருந்தால் போதும்.

அந்தப் பையன் இப்போது எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டான். மட்கார்டு புதிதாக வாங்க வேண்டியிருந்தது. சைலன்ஸரின் உள்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டதால் அதற்கும் செலவு.

கடைசியாக ஒரு உதவி. அடுத்த பந்தய வார இறுதியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு, 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் திறந்ததே அந்த டிராக்குக்கு, இவனையும் இன்னும் மூன்று பையன்களையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். கோவைக்காரன் அன்றைக்கு அந்த ஹோண்டாவோடு அங்கே வருகிறான். உள்ளே கூட்டிப்போய் வண்டியைத் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி பக்கம் இருக்கிற மாணவர்கள் யாராவது ஒரு ராத்திரி ஐந்து பேருக்குப் படுக்க இடம் கொடுத்தால் நல்லது. மொட்டை மாடி போதும். சாப்பாடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கீழே எழுத வேண்டாம், எனக்குப் போன் பண்ணுங்கள், பழைய நம்பர்தான்.